தாங்குமா அண்ணாச்சி போட்ட கூரை

திருநெல்வேலிச் சீமையில் கட்டடம் கட்டத் தெரிந்த கொத்தனார்கள் ஊருக்கு ஊர் உண்டு. தான் கட்டியதையே நம்பாத கொத்தனார் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

பெற்றோர் வைத்த பெயர் ஆதார் அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் ‘தாங்குமா’ அண்ணாச்சி. ஜன்னலுக்கு மேல் ஒரு சின்ன ஸ்லாப் போட்டாலும் பின்னால் நகர்ந்து, கழுத்தைச் சாய்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் “தாங்குமாவே?” என்று கேட்பார். நிற்பவர் பால்காரராக இருக்கலாம், வழி கேட்டு வந்தவராகவும் இருக்கலாம். ‘தாங்கும்’ என்றால் “எப்பிடிச் சொல்லுதீரு?” என்பார். ‘தாங்காது’ என்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்.

சந்தேகம் வந்தால் இன்னொரு கம்பி போடுவார். சந்தேகம் முற்றினால் இன்னொரு மூட்டை சிமெண்ட். ஆகவே அவர் கட்டிய எதுவும் இடிந்ததில்லை. இடிக்க நினைத்தவர்களாலும் முடியவில்லை. முக்கூடலில் அவர் கட்டிய மாட்டுத் தொழுவத்தை இடிக்க வந்த இயந்திரம்தான் பல் உடைந்து திரும்பியது. மாட்டை விற்றுவிட்டார்கள், தொழுவத்தில் இப்போது டியூஷன் நடக்கிறது. நாங்குநேரியில் ஒரு கல்யாண வீட்டில், தான் கட்டிய மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு மாப்பிள்ளை வீட்டாரிடம், “ஒவ்வொருத்தரா ஏறுங்க, தாங்குமான்னு பாத்துக்கிடுவோம்” என்றாராம். பந்தி மாடியில். பாதிப் பேர் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்கள்.

இப்படிப்பட்டவரிடம் ஏன் போனாய் என்று கேட்பீர்கள். நானும் அதே ரகம்தான். லிப்டில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். ஊஞ்சலில் உட்காரும் முன் கொக்கியைத் தடவிப் பார்ப்பேன். என்னைவிடப் பயந்த ஒருவர் கட்டினால்தானே எனக்குத் தூக்கம் வரும்?

விவகாரத்தைத் தொடங்கியவள் என் மனைவி சங்கரி. பாளையங்கோட்டையில் எங்களுடையது பழைய வீடு. வந்தவர் கண்ணில் அடுப்பு படக்கூடாது என்று சுவருக்குப் பின்னால் சுவர் வைத்து, கடைசியில் அடுப்படி. நானும் பிள்ளைகளும் ஹாலில் உட்கார்ந்து சிரிப்போம். சங்கரி கரண்டியோடு ஓடிவந்து “என்ன, என்ன?” என்பாள். அதற்குள் சிரிப்பு முடிந்திருக்கும். மறுபடி சொல்லச் சொல்வாள். மறுபடி சொன்ன ஜோக்கின் கதி உங்களுக்கே தெரியும்.

ஒருநாள் கரண்டியை என் முன்னால் வைத்தாள்.

“பின்பக்கச் சுவத்த எடுத்துட்டு, கொல்லையில ஒரு பெரிய ஹாலா இழுங்க. அடுப்பு, சோபா, சாப்பாட்டு மேசை எல்லாம் ஒரே எடம். நடுவுல ஒண்ணும் மறைக்கப்பிடாது. தோசை ஊத்துகையில எல்லாரு மூஞ்சியும் எனக்குத் தெரியணும்.”

“என் மூஞ்சியுமா?”

“சகிச்சுக்கிடுதேன்.”

அவள் தம்பி இன்ஜினியர். நடுவில் தூணே இல்லாமல், பெரிய பீம் கொடுத்து வரைந்து தந்தான். அண்ணாச்சி அந்தத் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“தூணு எங்கன இருக்கு?”

“தூண் கெடையாது அண்ணாச்சி. பீமே தாங்கும்” என்றான் மைத்துனன்.

“எப்பிடிச் சொல்லுதீய?”

“கணக்குப் போட்டிருக்கேன்.”

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “கணக்கு தப்பிச்சுன்னா கீழ இருக்கது நீங்கள்லா சார்வாள்?”

நான் மைத்துனனை அந்தக் கணக்கை இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

சுவர் எழும்பியது. கான்கிரீட் போட்டார்கள். கூரைமேல் தண்ணீர் கட்டி, கான்கிரீட் இறுகிய பிறகு, அடியில் முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கம்புகளை ஒவ்வொன்றாக உருவினார்கள். நட்டநடுவில் நின்ற கம்பை மட்டும் அண்ணாச்சி தொடவிடவில்லை.

“ஏலே, அது அங்கன நிக்கட்டும். பைய எடுப்போம்.”

தரை போட்டாயிற்று. அடுப்பு மேடை வந்தாயிற்று. சோபாவும் வந்தாயிற்று. கம்பும் நின்றது. குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போய்த் திரும்பிய சொந்தக்காரர் ஒருவர், ஏதோ நேர்ச்சைக் கம்பு என்று நினைத்து அதன் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மைத்துனன் வரும்போதெல்லாம் “அத்தான், அத எடுத்துருங்க” என்பான். “அண்ணாச்சி வரட்டும்” என்பேன் நான். உண்மையில் அந்தக் கம்பைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கியது.

கம்பு ஒல்லிதான். ஆனால் அதில் முதலில் காலண்டர் ஏறியது. பிறகு என் துண்டு, சட்டை, குடை, பிள்ளைகளின் பைகள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பு சுவராகிவிட்டது. ஒருநாள் நாங்கள் சோபாவில் சிரித்தபோது, துண்டுக்கு அந்தப் பக்கமிருந்து “என்ன, என்ன?” என்று குரல் வந்தது. யாரும் பதில் சொல்வதற்குள் அடுப்பை அணைக்கும் சத்தம். அடுத்து அண்ணாச்சிக்குப் போன்.

“அண்ணாச்சி, நீங்க வந்து எடுக்கீயளா, நான் எடுக்கவா?”

அண்ணாச்சி பறந்து வந்தார். எங்களையெல்லாம் தெருவில் நிறுத்திவிட்டு, தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தட்டும் சத்தம் கேட்டது. கம்பு விழும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. நான் நெல்லையப்பரில் தொடங்கிச் சுடலைமாடன்வரை கூப்பிட்டு முடித்துவிட்டேன். பொறுக்க மாட்டாமல் சங்கரி கதவைத் தள்ளினாள்.

கம்பு தரையில் கிடந்தது. அது நின்ற இடத்துக்கு மேசையை இழுத்துப் போட்டு, அதன்மேல் அண்ணாச்சி நின்றார். இரண்டு கைகளாலும் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தார். வேர்வை வேட்டிவரை இறங்கியிருந்தது.

“என்ன அண்ணாச்சி செய்யுதீய?”

“நீங்கள்லாம் உள்ள வர நேரம் பாத்து விழுந்துறக் கூடாதுல்லா தாயி.”

சங்கரி போய் அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டுக் கொண்டுவந்தாள். “எறங்கிக் குடிங்க.”

அண்ணாச்சி டம்ளரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“சார்வாள், செத்த நேரம் பிடிக்கீயளா?”

ஏறிப் பிடித்தேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. அகல விரித்த என் உள்ளங்கைகளில்தான் அந்தக் கான்கிரீட் முழுவதும் நிற்கிறது என்று மனதார நம்பினேன். பிள்ளைகள் சோபாவில் புரண்டு புரண்டு சிரித்தார்கள். அடுப்புப் பக்கம் திரும்பிப் போயிருந்த சங்கரி, நின்ற இடத்திலிருந்தே, யாரையும் எதுவும் கேட்காமல், அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

காபி முடிந்தது. “கைய எடுங்க பாப்போம்” என்றார் அண்ணாச்சி. எடுத்தேன். அவரும் நானும் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு காத்திருந்தோம். கூரை எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

ஹாலின் நட்டநடுவில் மின்விசிறி மாட்ட ஆள் வந்தபோது சங்கரி தடுத்து, ஓரமாக மாட்டச் சொல்லிவிட்டாள். பாளையங்கோட்டை வெயிலில் நாங்கள் வேர்த்து வடிகிறோம். காரணம் கேட்டால், மழை பிடித்தால் அண்ணாச்சி வந்து மேசைமேல் ஏறிக் கூரையைத் தடவிப் பார்ப்பாராம். அவர் கையில் விசிறி இறக்கை பட்டுவிடக் கூடாதாம்.