ஆயிரத்து இருநூறு கிலோ வீடும் என் சின்னக் காரும்

ஒரு மனிதன் கெட்டுப்போகக் குடி, சீட்டாட்டம் என்று பெரிய ஏற்பாடுகள் எதுவும் தேவையில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கல்லாவில் சாய்ந்துகொண்டு கைபேசியில் வீடியோ பார்த்தால் போதும். நான் அப்படித்தான் கெட்டேன்.

ராஜபாளையத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் சாமான் கடை இருக்கிறது. வாளி, குடம், முக்காலி விற்கிறேன். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை ஒரு மக் வாங்கக்கூட ஆள் வராது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படியொரு மதியத்தில்தான் ஒரு வெளிநாட்டுக் குடும்பம் என் கைபேசிக்குள் குடிவந்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். காருக்குப் பின்னால் ஒரு வீட்டையே மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருந்தது. ஏரிக்கரையில் நிறுத்தி முட்டை பொரித்துச் சாப்பிட்டார்கள். ஒரு மாதம் விடாமல் பார்த்தேன். அந்த நாய்க்கு உடம்பு சரியில்லாமல் போன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெறும் ஆசை என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு ஒரு நல்ல நோக்கமும் இருந்தது. அந்த நோக்கத்தின் பெயர் மாமனார்.

என் மனைவி மும்தாஜுக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அவள் அத்தா, அதாவது என் மாமா, முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். கன்னியாகுமரிக்கு மட்டுமே எத்தனை தடவை போயிருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. மாமி ஒரு தடவைகூடக் கடலைப் பார்த்ததில்லை. மாமா ஓய்வு பெற்றதும் கூட்டிப் போவார் என்று காத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற மறு வருஷமே மாமாவுக்கு முட்டியில் ஆபரேஷன். அதற்குப் பிறகு பள்ளிவாசல், டீக்கடை, வீடு என்று அவருடைய ரூட் சுருங்கிவிட்டது. எப்போது கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்.

"முட்டி மடங்காது மாப்ள. கண்ட கக்கூஸ்ல உக்கார முடியாது. நீங்க போயிட்டு வாங்க."

அவர் வராமல் மாமி வரமாட்டார். இப்படியே நான்கு வருஷம் ஓடியது. வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து யோசித்ததில் எனக்கு விடை கிடைத்தது. மாமா கக்கூஸுக்குப் போக முடியவில்லை என்றால், கக்கூஸ் மாமாவோடு வரட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். ஊரில் அவரைப் பட்டாளத்தார் என்றுதான் சொல்வார்கள். டிரெய்லர் செய்வதில் கெட்டிக்காரர். மும்தாஜைக் கூட்டிக்கொண்டு காரில் போனேன். பட்டறையில் பெட்டி வீடுகள் இரண்டு நின்றன. ஒன்று சின்னது, கோழிக்கூட்டுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. இன்னொன்று பெரியது. யாரோ நடமாடும் ஓட்டல் நடத்தப் போவதாகச் சொல்லிச் செய்யச் சொன்னாராம். பிறகு மனம் மாறிவிட்டாராம். பட்டாளத்தார் அதற்குள் கட்டில்கள் அடித்து, பின்பக்கம் நாற்காலி மாதிரி உயரமான பீங்கான் வைத்து ஒரு கக்கூஸும் கட்டியிருந்தார்.

"பாய், உம்ம வண்டி என்ன வண்டி?"

வெளியே நின்ற காரைக் காட்டினேன். பட்டாளத்தார் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்பக்கத்தைக் கையால் அமுக்கி விட்டுப் பார்த்தார்.

"இதுக்கு அந்தச் சின்னதுதான் தோது. நானூறு கிலோ. வண்டிக்கே தெரியாம பின்னாடி வரும்."

"அதுல கக்கூஸ் இருக்கா?"

"ரெண்டு பேரு படுக்குறதே கஷ்டம். கக்கூஸுக்கு எங்க போக?"

"அப்ப பெருசு எம்புட்டு எடை?"

"ஆயிரத்து இருநூறு. காலியா."

(அந்தக் கடைசி வார்த்தை என் காதுக்குள் வரவே இல்லை. மும்தாஜ் காதுக்குள் மட்டும் போயிருக்கிறது. இன்றைக்கும் அதே குரலில் சொல்லிக் காட்டுவாள்.)

எனக்கு உடம்பு சிலிர்த்தது. "என் கார் எஞ்சினும் ஆயிரத்து இருநூறு சி.சி.தான்" என்றேன்.

பட்டாளத்தார் சிறிது நேரம் என்னையே பார்த்தார். எல்லையில் எத்தனையோ பார்த்த மனிதர், இதைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"பாய், சி.சி. வேற, கிலோ வேற."

"ரெண்டும் ஆயிரத்து இருநூறுதான?"

"காரோட எடையவிடப் பின்னாடி வர்றது கூடிப்போச்சுன்னா, எது எத இழுக்குதுன்னு ரோட்டுக்கே தெரியாது. இதுக்கு ஜீப்பு மாதிரி வண்டி வேணும்."

"மச்சான், அவரு சொல்லுறதக் கேளுங்க" என்றாள் மும்தாஜ்.

இந்தக் காரில் ஒரு கல்யாணத்துக்கு ஏழு பெரியவர்களும் ஒரு அண்டா பிரியாணியும் போன கதையை எடுத்துவிட்டேன். பட்டாளத்தார் களைத்துப்போனார். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்று சம்மதித்து, என் காருக்குக் கொக்கி வைத்துக் கொடுத்தார். கடைசியாக ஒன்று சொன்னார்: "சாமான் ஏத்துன பொறவு எடைமேடையில ஒரு தடவ ஏத்திப் பாரும். பளு பூரா முன்னாடி போடாதியும்." எடைமேடை என்பது லாரிக்காரர்களுக்கு உரியது, குடும்பஸ்தர்களுக்கு அல்ல என்று நினைத்துக்கொண்டேன்.

புறப்படும் நாள் வந்தது. பட்டறையிலிருந்து மாமா வீடு இரண்டு தெரு தள்ளி, சமதளம். கார் முனகினாலும் இழுத்து வந்துவிட்டது. அங்கே சாமான் ஏற்றினோம். தண்ணீர்த் தொட்டி முன்பக்கம் இருந்தது. இருநூறு லிட்டர், வழிய வழிய நிரப்பினேன். பின்பக்கம் கக்கூஸ் இருப்பதால் மாமி சாப்பாட்டுச் சாமான்களை அங்கே வைக்க விடவில்லை. அரிசி, கேஸ் சிலிண்டர், கிரைண்டர் எல்லாம் முன்னால் போயின. (மூன்று நாள் கடலுக்குப் போக கிரைண்டர் எதற்கு என்று கேட்டேன். "வெளியூர் மாவு நம்பி வாங்க முடியுமா" என்றார் மாமி.) என் பங்குக்குக் கடையிலிருந்து பதினோரு வாளி கொண்டுவந்திருந்தேன். அவையும் முன்னால்தான்.

கார், சலூன் நாற்காலியில் முகம் மழிக்கச் சாய்ந்தவர் மாதிரி நின்றது. பின்பக்கம் தாழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்தது.

மாமா ஊன்றுகோலோடு வெளியே வந்தார். முழு வண்டியையும் ஒரு பார்வை பார்த்தார்.

"மாப்ள, வண்டி என்ன மேல பாக்குது?"

"அது அந்த மாடலே அப்படித்தான் மாமா."

முப்பத்திரண்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவரிடம் இதைச் சொன்ன வாயை இன்றும் நான்தான் வைத்திருக்கிறேன். முன்சீட்டுக் கதவைத் திறந்து பிடித்தேன்.

"நான் வண்டில வரல. வீட்டுல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு டிரெய்லருக்குள் ஏறிக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துவிட்டார். இழுத்துப் போகும் வீட்டுக்குள் ஆள் இருக்கக் கூடாது என்று மும்தாஜ் எவ்வளவோ சொன்னாள். இறங்கவில்லை. வீடியோவில் அந்த நாய்கூடக் காருக்குள்தான் வரும். ஆனால் மாமா கிளம்ப ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அன்று நான் செய்த தப்புகளிலேயே பெரிய தப்பு அது.

முதலில் ராஜபாளையம். கடைவீதிக்காரர்களிடம் பத்து மணிக்கு வீட்டோடு வருகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். வண்டியில் மும்தாஜ், மாமி, எங்கள் இரண்டு பிள்ளைகள். மாமி கையில் போன். அதில் மாமா.

"மாப்ள, இப்ப எந்த கியர்ல போற?"

"மூணு மாமா."

"சத்தம் ரெண்டுன்னு சொல்லுதே."

இரண்டுதான். சைக்கிளில் போன ஒருவர் எங்களை நிதானமாகத் தாண்டினார். தாண்டும்போது ஜன்னல் பக்கம் குனிந்து, "வீடு மாத்துறீயளா?" என்று அக்கறையாகக் கேட்டார். போனில் மாமாவின் சத்தம் நின்றிருந்தது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

பாதி வழியில் ஓடைப் பாலம் ஒன்று வந்தது. பஸ்ஸில் போகும்போது அங்கே ஏற்றம் இருப்பதே தெரியாது. அன்று எனக்கு அது மேற்குத் தொடர்ச்சி மலையாகத் தெரிந்தது. பாதி ஏற்றத்தில் கார் அலறியது. முன்சக்கரங்கள் தரையை உரசிக்கொண்டு சுற்றின. வண்டி நகரவில்லை. ரப்பர் கருகும் வாடை வந்தது. ஒரு கணம் எல்லாம் அப்படியே நின்றது. பிறகு சாலையோரத்துப் புளியமரம் மெதுவாக முன்னோக்கிப் போக ஆரம்பித்தது.

"அத்தா, மரம் போகுது" என்றாள் என் மகள்.

மரம் போகவில்லை. நாங்கள்தான் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். பிரேக்கை மிதித்தேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஆயிரத்து இருநூறு கிலோ வீடும், இருநூறு லிட்டர் தண்ணீரும், கிரைண்டரும், மாமனாரும் சேர்ந்து என் காரைக் கீழே இழுத்தார்கள். பின்னால் ஒரு அரசு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றது. மும்தாஜ் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் எனக்கு ஓர் ஏரியும் ஞாபகம் வரவில்லை. பின்னால் இருக்கும் மனிதரின் மடங்காத முட்டிதான் ஞாபகம் வந்தது.

டிரெய்லர் கோணலாகத் திரும்பி, பாலத்துக் கைப்பிடிச் சுவர் ஓரத்து மண்மேட்டில் முட்டி நின்றது. பஸ்ஸுக்கும் அதற்கும் நடுவே இரண்டு முழம் இருந்திருக்கும்.

அப்போது டிரெய்லரின் பின்கதவு திறந்தது.

பஸ் நிறைய ஜனம். அத்தனை பேரும் பார்க்க, கைலியும் பனியனுமாக, ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் பச்சை மக்கோடு என் மாமா வாசலில் நின்றார். (மக் என் கடைச் சரக்கு.) அவர் தூங்கவில்லை. எந்த வசதிக்காக அந்த வீட்டைப் பிடித்தேனோ, அந்த வசதியில்தான் இருந்திருக்கிறார்.

பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"பாய் அண்ணே… நீங்களா?"

"ஏலே முருகா, மொதல்ல டயருக்குக் கல்லக் குடு. பொறவு பேசலாம்."

முருகன் மாமாவிடம் தொழில் பழகியவராம். பிறகு நடந்ததில் எனக்கு எந்த வேலையும் இல்லை. மாமா வாசலில் நின்றபடியே உத்தரவு போட்டார். கல் வந்தது. பஸ்ஸிலிருந்து பத்துப் பேர் இறங்கித் தோள் கொடுத்தார்கள். தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். காரைத் தனியே கழற்றினார்கள். பெண்கள் இறங்கி வரிசையாக வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "நம்ம வீட்டவிட நல்லாருக்குட்டி" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

சரக்கு இறக்கிவிட்டுச் சோழபுரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு டிராக்டரை மாமா கைகாட்டி நிறுத்தினார். வீட்டை அதில் மாட்டினார்கள். மும்தாஜ் மாமியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முருகன் பஸ்ஸில் ஏறினாள்.

"நாங்க போறோம் மச்சான். நீங்க வீட்டக் கூட்டிக்கிட்டு வாங்க."

அப்படித்தான் கடைவீதிக்குள் நுழைந்தோம். முன்னால் டிராக்டர், அதன் மட்கார்டு மேல் காலை நீட்டி மாமா, பின்னால் ஆடி ஆடி வீடு, அதற்கும் பின்னால் காலிக் காரில் நான். பக்கத்துக் கடைக்காரர்கள் எனக்காக ஒரு மாலை வாங்கி வைத்திருந்தார்கள். அதை டிராக்டர்காரர் கழுத்தில் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் மும்தாஜ் கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜுக்குப் போன் போட்டாள். கீழ்த்தளம், உயரமான பீங்கான், பிடித்து எழக் கம்பி, எல்லாம் இருக்கிறது என்றார்கள். பேச்சு இரண்டு நிமிஷம்கூட இல்லை. இதை முன்பே செய்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்கும் நிலைமையில் நான் இல்லை.

மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"முட்டி ஒரு சாக்குதான் மாப்ள. இத்தன வருசம் ஸ்டியரிங்கப் பிடிச்சவன், இன்னொருத்தன் ஓட்ட, கைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்து வரணும்னா… என்னவோ கூச்சமா இருக்கு. அதான் வீட்டுக்குள்ள போய்ப் படுத்தேன்."

அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"ஆனா நீ ஓட்டுற லட்சணத்தப் பாத்தாச்சு. எம் பொண்ணையும் பேரப்பிள்ளைகளையும் ஒன்னைய நம்பி அனுப்ப முடியாது. நாளைக்கு நான் முன்சீட்டுல வாரேன். கூச்சமெல்லாம் பொறவு பாத்துக்கலாம்."

வந்தார். வழி முழுக்க என் கியரையும் கிளட்சையும் வாயால் ஓட்டிக்கொண்டு வந்தார். கன்னியாகுமரியில் மாமி கடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு மாமா பக்கம் திரும்பி, "இம்புட்டையும் நீங்க மட்டும் தனியாப் பாத்துட்டு வந்து, வீட்டுல ஒண்ணுமே சொல்லாம இருந்திருக்கீய" என்றார். மாமா ஊன்றுகோலால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெரிய வீட்டைச் சோழபுரத்து டிராக்டர்காரரே பட்டாளத்தாரிடம் வாங்கித் தன் தென்னந்தோப்பில் காவல் அறையாக நிறுத்திவிட்டார். அது நகரவே வேண்டியதில்லை, எனவே அதற்கு ஏற்ற இடம்தான்.

எங்கள் குடும்பத்தில் எனக்கு ஒரு தனி மரியாதையும் வந்து சேர்ந்துவிட்டது. யார் எந்த வண்டி வாங்குவதாக இருந்தாலும் முதலில் என்னைத்தான் கூட்டிப் போகிறார்கள். போன மாதம்கூட மும்தாஜின் தம்பி ஒரு பழைய வேன் பார்த்தான். மாமா எனக்குப் போன் போட்டு வரச்சொன்னார். நானும் கடையைச் சாத்திவிட்டுப் போய், டயரைத் தட்டி, கதவைத் திறந்து மூடி, எஞ்சின் சத்தம் கேட்டு, அரைமணி நேரம் சுற்றிப் பார்த்து, "அருமையான வண்டி, தாராளமா எடுக்கலாம்" என்றேன்.

மாமா என் மைத்துனனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் வேன்காரரிடம் போய், மன்னிக்கணும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.