மெழுகு வாத்தியாரின் ரஸ்தாளிச் செல்

வாழைப்பழத்துக்குத் தோல் உரித்தவர்கள் நாமக்கல் மாவட்டத்தில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். வாழையின் செல்லுக்கே தோல் உரித்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். மெழுகு வாத்தியார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி. நான் அங்கே வேதியியல். அவர் உயிரித் தொழில்நுட்பம். அவர் மேஜை மேல் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். உள்ளே வெள்ளை வெளேரென்று மெழுகுச் சீவல். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்கிற பாலிமர். நான் அதைப் பலகையில் சங்கிலி சங்கிலியாக வரைந்து பிள்ளைகளைத் தூங்கவைத்தேன். அவர் அதோடு குடித்தனமே நடத்தினார்.

மருந்துக் கடையில் களிம்பு அட்டையைப் படித்துவிட்டு, "இதுலயும் நம்ம ஆளு இருக்கானுங்க" என்பார். பற்பசையில், நூல் மில்லில் எல்லாம் நம்ம ஆள். லாரி பிரேக் ஆயிலில் நம்ம ஆளின் பங்காளிகள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணோட உதட்டுச் சாயத்துலகூட நம்ம ஆளு தானுங்க" என்று வாழ்த்தினார். மாப்பிள்ளை முகம் போன போக்கைப் பார்த்து, வாத்தியாரைப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் உண்டு. ஜேடர்பாளையத்தில் அவருடைய ரஸ்தாளித் தோட்டம் வாடல் நோயில் மொத்தமாகப் போயிருந்தது. அக்கம்பக்கத்தார் கரும்புக்கு மாறினார்கள். இவர் மட்டும், நோயைத் தாங்கும் மரபணுவை ரஸ்தாளிக்குள் நுழைத்தே தீருவது என்று உட்கார்ந்துவிட்டார். செல்லின் வெளிச்சுவரைக் கரைத்து எடுத்து, மரபணுவைக் கலந்து, மெழுகுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அது இரண்டையும் ஒட்டவைத்து மரபணுவை உள்ளே அனுப்பும். கொஞ்சம் கூடினால் செல் செத்துப்போகும்.

எங்கள் பக்கம் வாழைக்கன்று வைக்கக் கைராசிக்காரரைக் கூப்பிடுவது வழக்கம். அந்தச் சொட்டு விடவும் இவர் கைராசி தேடினார். ஆய்வகம் கூட்டும் பாவாயக்காவைப் பிடித்தார். அந்த அம்மா ஊரில் யார் தோட்டமானாலும் முதல் கன்று அவர் கையால்தான்.

"சாமி கும்புட்டுட்டு ஊத்தட்டுங்களா சார்?"

"கும்புடுங்கக்கா. ஆனா கண்ண மூடிறாதீங்க."

நான் சிரிப்பேன். செல்கள் பாட்டுக்குச் செத்துக்கொண்டிருந்தன.

கடைசியில் அந்தத் துறையில் சேர ஆளே இல்லை. பருவம் முடிந்ததும் பூட்டு என்றது நிர்வாகம். மரபணு உள்ளே போனால் செல் பச்சையாக ஒளிரும்படி ஓர் ஏற்பாடு உண்டு. அப்படி ஒன்றைக் காட்டினால் வேலையைத் தொடர இடம் தருவதாக ஓர் ஆராய்ச்சி நிலையம் சொல்லியிருந்தது. அந்த ஒரு பச்சைக்காக அவர் சோறு தண்ணியை மறந்தார். வயிற்று வலியையும் மறந்தார். கடைசியில் சேலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் முன், வயிற்றைக் கழுவ ஒரு பொடியைக் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். பாக்கெட்டைத் திருப்பிப் படித்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஏனுங்க சார், இத்தன வருசமா நம்ம ஆள வாழைக்குள்ள அனுப்பப் பாத்தேன். இப்ப எனக்குள்ளயே வாரானுங்க!"

நானும் சிரித்தேன். முடிவு வந்த அன்று லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். குடலில் புற்று, கல்லீரல் வரை போயிருந்தது.

அவர் கட்டிலில் இருந்தபடி போனில் சொல்லச் சொல்ல, நான் செல்களைத் தோலுரித்தேன். பாவாயக்கா சொட்டு விட்டார். இரண்டு நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், கும்மிருட்டில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி. படம் எடுத்து அனுப்பினேன். போனை நெஞ்சில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டார் என்று நர்ஸ் சொன்னார்.

அடுத்த வாரம் பச்சை அணைந்துவிட்டது. செல் செத்துப்போயிருந்தது.

நாங்கள் இருவரும் அவரைப் பார்க்கப் போனோம். துணி போலக் கிடந்தார்.

"நம்ம செல்லு எப்படி இருக்குதுங்க சார்?"

பாவாயக்கா முந்திக்கொண்டார்.

"நாலு எலை உட்டிருக்குதுங்க சார். பாக்கவே அழகா இருக்குதுங்க."

ஒற்றைச் செல் இலை விட மாதக்கணக்கில் ஆகும். வாரத்தில் நாலு இலை என்றால் முதலாமாண்டுப் பிள்ளைகூடச் சிரிக்கும். வாத்தியார் அக்காவைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். எல்லாம் தெரிந்துகொண்டார்.

"அப்புடிங்களாக்கா? வெயிலு சாஸ்தியா இருக்குது. நல்லா தண்ணி கட்டுங்க."

"கட்றனுங்க சார்."

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். "சார் நம்பிட்டாருங்களா?"

"நம்பிட்டாருங்கக்கா."

அந்த வாரமே வாத்தியார் போய்விட்டார். பாவாயக்கா என்னை எங்கே பார்த்தாலும் இன்னும் அதையேதான் கேட்கிறார். எனக்கும் அதையே திரும்பச் சொல்லத்தான் பிடித்திருக்கிறது.