எங்கள் மொழியில் படம் வரைவதில்லை

உலகிலுள்ள நிரல்மொழிகளில் எங்கள் ஆய்வகத்து மொழியே உயர்ந்தது. ஆதாரம்: அதில் உருப்படியாக ஒரு வரைபடம்கூட வரைய முடியாது.

"படம் போட்டுக் காட்டறதெல்லாம் எண் புரியாதவங்களுக்கு" என்பது அண்ணனின் கொள்கை. அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் அல்ல. ஏழாவது வருடமாக முனைவர் பட்டத்துக்கு உழைத்துவரும் எங்கள் மூத்த ஆய்வாளர். மொழியின் வேகத்தை மூன்று மடங்காக்கியவர். அறுபதாயிரம் வரி எண்களை அச்சிட்டு, மேலிருந்து கீழே கண்ணை ஓட்டியே ஏற்ற இறக்கத்தை 'உணர்ந்து'விடுவார்.

பக்கத்து அறை இயற்பியல் அக்காவின் மொழி ஆமை வேகம். ஆனால் இரண்டு வரி எழுதினால் அச்சுக்கோடுகள், அளவு, வண்ணத்தோடு படம் வந்து நிற்கும். எப்படி என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். வரைபடம் தேவைப்பட்டவர்களே உட்கார்ந்து படம் வரையும் நிரல்களை ஒரே தொகுப்பாக எழுதினார்களாம். ஓட்டை தெரிந்தால் அடுத்தவர் அதையே அடைத்தாராம். என்ன அற்பத்தனம். எங்களிடம் பதினோரு தொகுப்புகள் உண்டு. பதினொன்றும் பாதியில் நிற்கின்றன. ஒன்று கோடு போடும், அச்சு போடாது. இன்னொன்று அச்சோடு சரி. இரண்டையும் சேர்க்கலாமே என்றவரை அண்ணன் 'கொள்கை விளக்கக் கூட்ட'த்திலிருந்தே வெளியேற்றினார்.

ஒருநாள் காலை அண்ணனின் ஆய்வேடு திரும்பி வந்தது. வேக அத்தியாயத்தில் வரைபடம் வேண்டும், மாலை நான்கு மணிக்குள் வராவிட்டால் இந்த வருடமும் பட்டம் இல்லை என்று தேர்வாளர் எழுதியிருந்தார். அண்ணன் அசரவில்லை. பன்னிரண்டாவது தொகுப்பை எழுத ஆரம்பித்தார்.

மூன்று மணிக்குப் படம் தாளில் அச்சாகி வந்தது. ஏறவேண்டிய வேகம் சரசரவென்று தரையை நோக்கி இறங்கியது. கணினித் திரை மேலிருந்து கீழாக எண்ணும்; எண் பெரிதானால் புள்ளி கீழே போகும். அண்ணனும் அதை அப்படியே விட்டிருந்தார்.

"அண்ணே, தலைகீழா இருக்கு."

"தேர்வாளரைத் தாளைத் திருப்பிப் பிடிச்சுப் பாக்கச் சொல்லு."

திருப்பிப் பிடித்தேன். அப்படியும் இறங்கத்தான் செய்தது.

அண்ணன் தண்ணீர் பிடித்துவரப் போவதாகச் சொல்லிக் கிளம்பினார், பாட்டில் இல்லாமல். இருபது நிமிடம் ஆகியும் ஆளைக் காணோம். தேடிப் போனேன். இயற்பியல் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அண்ணன் அக்காவின் நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். திரையில் கோடு கம்பீரமாக ஏறியிருந்தது.

"நீலம் நல்லாருக்குங்களா, பச்சை நல்லாருக்குங்களா?" என்று அண்ணன் தணிந்த குரலில் கேட்டார்.

"நீலமே இருக்கட்டும். எதுல வரைஞ்சதுன்னு மட்டும் கீழ ஒரு வரி போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா மணியைப் பார்த்தார்.

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். பிறகு படத்தின் கீழே நிதானமாகத் தட்டினார்: 'ஆய்வாளரே வரைந்தது.'