தையலுக்கு விட்ட துணி

என் மனைவியை ஏமாற்றுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு முடிவு செய்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இது முதல் முயற்சி அல்ல. முதல் வெற்றியாக இருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அவள் கணக்கு டீச்சர். அவளை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. நாற்பது விடைத்தாளைப் புரட்டிவிட்டு, யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று உட்கார்ந்த இடத்தோடு சொல்லுவாள். நான் ஒளிந்து தின்ற பிஸ்கட் எத்தனை என்பதை என் குரலை வைத்தே கண்டுபிடிப்பாள்.

நான் தையல்காரன். ஆனால் ஊசி பிடிக்கத் தெரியாது. கம்ப்யூட்டரில் உடை தைப்பவன். சினிமாவில் ராணி படியிறங்கும்போது பின்னால் நாற்பது கஜம் பட்டு இழுபட்டு வருமே, அந்தப் பட்டு உலகத்தில் எங்கேயும் இல்லை, என் மேஜையில்தான் இருக்கிறது. வீடியோ கேமில் மூவாயிரம் சிப்பாய்கள் அங்கி பறக்க ஓடுவார்களே, மூவாயிரம் அங்கியும் நான் வெட்டியது. ஆன்லைன் கடையில் ஒரு கவுனைப் பார்த்து ஆசைப்படுவீர்கள். நீங்கள் ஆசைப்படும் நேரத்தில் அதைத் தைத்தே இருக்க மாட்டார்கள்.

வேலை இதுதான். திரையில் ஒரு பொம்மை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கும். முன்பக்கம், பின்பக்கம், கை என்று துண்டு துண்டாக வரைய வேண்டும். எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேர வேண்டும் என்று காட்டிவிட்டு ஒரு பட்டனைத் தட்டினால் துணி பறந்து வந்து பொம்மை மேல் விழுந்து ஒட்டிக்கொள்ளும். இறுக்கமான இடம் சிவப்பாகத் தெரியும். தொளதொளவென்று இருந்தால் நீலம்.

என் மாமியார் இதைக் கடைசிவரை நம்பவில்லை. "பதினோரு வருஷமா மாப்பிள்ளை தைக்கிறாராம். ஒரு கைக்குட்டையாவது கண்ணுல காட்டினாரா?" என்பார். என் மனைவி எனக்குக் 'காத்துத் தையல்காரர்' என்று பேர் வைத்திருந்தாள்.

அந்த வருஷம் அவளுக்கு உடம்புக்கு வந்தது. பெரிய வியாதி. பேர் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் முகத்தை மாற்றிக்கொள்வீர்கள். அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. டாக்டர் ஒரே ஒரு விஷயம்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்: "எடை குறையக் கூடாது. இன்னும் மூணு கிலோ குறைஞ்சா அடுத்த மருந்தை உடம்பு தாங்காது. எப்படியாவது சாப்பிட வைங்க."

எப்படியாவது என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். நான் வீட்டுக்கு வந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கண்ணாடி முன்னால் நீலச் சட்டையில் நின்றிருந்தாள். பக்கவாட்டில் ஒரு கைப்பிடித் துணியை இழுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, ஹேங்கர்ல மாட்டின மாதிரி இருக்குல்ல?"

"துணி நல்லா இல்ல. துவைச்சுத் துவைச்சு இளகிப் போச்சு."

"துணி இளகலைங்க. நான்தான்."

மேஜையில் வைத்திருந்த முட்டையைத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தோன்றியது. அவள் இளைக்கும் வேகத்துக்குச் சட்டையும் இளைத்துவிட்டால்? சட்டை பொருந்தி நின்றால் உடம்பு குறைந்தது தெரியாது. தெரியாவிட்டால் மனசு விடாது. மனசு விடாவிட்டால் சாப்பிடுவாள். இதில் எங்கே ஓட்டை இருக்கிறது, சொல்லுங்கள்?

ஓட்டை அளவில் இருந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் நின்றால் அந்த நிமிஷமே குட்டு உடைந்துவிடும். அதனால் கட்டிப் பிடித்தேன். என் விரல் நுனி எதிர்க் கையில் எதுவரை எட்டுகிறது என்று மனசில் குறித்துக்கொண்டால் போதும், சுற்றளவு கிடைத்துவிடும். அளவில்லாத அன்பு என்பார்கள். என்னுடையது சென்டிமீட்டர் கணக்கு.

"என்னது இது, திடீர்னு?"

"சும்மா."

"சும்மாவா? இருபத்திரண்டு வருஷத்துல நீங்க சும்மா எதுவும் பண்ணினதில்லையே. என்னத்தை உடைச்சீங்க?"

"எதையும் உடைக்கல."

"அப்ப என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்மா. பேசாம நில்லு. கை நழுவுது."

"கை நழுவினா என்ன? மறுபடி பிடிங்க." அவளும் என் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டாள். பின்பக்கம் என் பேன்ட்டுக்குள் இரண்டு விரலை நுழைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாவம், ஒன்றும் தெரியாமல் அன்பாக இருக்கிறாளே என்று நினைத்தேன்.

பொம்மைக்கு அவள் அளவைக் கொடுத்தேன். நீலச் சட்டையை வரைந்து போட்டுவிட்டேன். தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே நீலம், அத்தனையும் தொளதொளப்பு. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு உட்கார்ந்து ஓரங்களை உள்ளே தள்ளினேன். நீலம் மறைந்தது. கச்சிதமான சட்டை. அப்படியே காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு, அவள் மதியம் தூங்கும் நேரம் பார்த்து, சட்டையைச் சுருட்டிக்கொண்டு தெருமுனைத் தையல்கடைக்குப் போனேன்.

கடை வைத்திருக்கும் அக்காவிடம் இரண்டு மெஷின் உண்டு. விஷயத்தைச் சொன்னேன். அவர் கையை நீட்டினார்.

"குடுங்க சார். பத்து நிமிஷ வேலை."

"இல்லக்கா, இது நானே செய்யணும். மெஷின் மட்டும் குடுங்க. எனக்குப் பதினோரு வருஷ அனுபவம்."

"மெஷின்லயா?"

"மௌஸ்ல."

அக்கா ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். நான் தையலைப் பிரித்து, காகிதத்தை வைத்து, கோட்டின் மேலேயே வெட்டினேன். ஒரு மயிரிழை பிசகவில்லை.

"சார், தையலுக்குத் துணி விடலையே?"

"எதுக்கு?"

"தைக்கிறப்ப உள்ள மடிச்சுப் பிடிக்கத் துணி வேணாமா?"

"எங்க வேலையில அதெல்லாம் கிடையாதுக்கா. ஓரமும் ஓரமும் அப்படியே ஒட்டிக்கும்."

"இதுவும் ஒட்டிக்குமா?"

இது ஒட்டவில்லை. மூவாயிரம் சிப்பாய்களுக்கு அங்கி தைத்தவனுக்கு இந்த ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தரவில்லை. இந்தப் பக்கம் முக்கால் அங்குலம், அந்தப் பக்கம் முக்கால் அங்குலம் தையல் உள்ளே விழுங்கிவிட்டது. சட்டை ஒரு சுற்றுச் சின்னதாகிவிட்டது. அக்கா சிரிப்பை அடக்க வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டார். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து துணி அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, வருவது வரட்டும் என்று காத்திருந்தேன்.

மறுநாள் காலை கண்ணாடி முன்னாலிருந்து சத்தம்.

"ஏங்க! இங்க வாங்களேன்!"

தொலைந்தேன் என்று போனேன். நெஞ்சுப் பட்டன் போட வராமல் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் குண்டாயிட்டேனா?"

"அப்படித்தான்... கொஞ்சம்... கன்னத்துல கூடத் தெரியுது."

"நிஜமாவா?" சிரித்தாள். இரண்டு மாதமாகப் பார்க்காத சிரிப்பு. "அப்ப மருந்து பிடிக்குது போலிருக்கு. முட்டை இருக்கா?"

சமையலறைக்கு ஓடினேன். தவறு பலித்துவிட்டால் அதற்குத் திட்டம் என்று பேர். அந்த நிமிஷமே சபதம் எடுத்தேன்: இனி எந்தச் சட்டைக்கும் தையலுக்குத் துணி விடுவதில்லை!

ஆனால் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "நான் தனியா சாப்பிட மாட்டேன். எதிர்ல உட்காருங்க. நான் ஒரு முட்டை சாப்பிட்டா நீங்க ரெண்டு சாப்பிடணும்."

"எனக்கு எதுக்கு? எனக்கு என்ன உடம்புக்கு?"

"ஒண்ணுக்கு ரெண்டு. இது விகிதம். டீச்சர் சொன்னா கேக்கணும்."

கேட்டேன். எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்காத காலம் அது. அவளுக்காக விழுங்கினேன். வேகவைத்ததோ மூன்று முட்டை, ரொட்டியோ மூன்று துண்டு. வாராவாரம் கட்டிப் பிடிப்பேன், பொம்மையின் அளவை மாற்றுவேன், மதியம் அக்கா கடைக்கு ஓடுவேன். பூப்போட்ட சட்டை, பச்சை, வெள்ளை, பள்ளிக்கூடத்துக்குப் போடும் பழுப்பு என்று நீலத்தோடு சேர்த்து ஐந்து சட்டையும் சின்னதாகின. "ஐயோ, இதுவும் பத்தலையே!" என்று அவள் அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மகிழ்ந்தேன். அவளும் சும்மா இருக்க மாட்டாள். ஜன்னலோரம் என் பேன்ட்டை மடியில் போட்டுக்கொண்டு ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பாள்.

"என்ன பண்றே? படுத்துக்கோயேன்."

"உங்க பேன்ட் பட்டன் ஆடுதுங்க."

போன வாரமும் பட்டன். அதற்கு முந்தின வாரமும் பட்டன். ஒரு பேன்ட்டுக்கு ஒரு பட்டன்தான், என்னிடம் இருப்பது மூன்றே பேன்ட் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

எட்டு வாரம் எடை இறங்காமல் நின்றது. டாக்டர் எனக்குக் கை கொடுத்தார். மருந்து ஏற்றினார்கள். ஏமாற்றிவிட்டேன், கணக்கு டீச்சரை ஏமாற்றிவிட்டேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

வியாதி என் சட்டையைப் பார்த்து ஏமாறவில்லை. அந்த மருந்தும் போதவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, பச்சைச் சட்டையில், என் கையைப் பிடித்தபடியே போய்விட்டாள். அதைப் பற்றி வேடிக்கையாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இப்போது யாராவது மணியடித்தால் நான்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

கம்ப்யூட்டரில் பொம்மை அவள் அளவிலேயே நிற்கிறது, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. அந்த ஃபைலை நான் மூடவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு விசித்திரம். என் பேன்ட்டுகள் இளக ஆரம்பித்தன. மூன்றும் ஒரே சமயத்தில்! இத்தனை வருஷம் கச்சிதமாக நின்ற பேன்ட், எழுந்தால் நழுவியது. துணி கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். தொழில்காரன் அல்லவா, கம்ப்யூட்டரில் போட்டுத் துணியின் இழுவையைக்கூடக் கணக்குப் பார்த்தேன். கடைசியில் ஒரு பேன்ட்டை உடுத்திக்கொண்டு, இன்னொன்றைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக்குப் போனேன்.

"அக்கா, துணி இளகிப் போச்சு. இடுப்புல கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க."

அக்கா பேன்ட்டை உள்பக்கம் திருப்பி மெஷின் மேல் விரித்தார். அப்படியே என் பக்கம் தள்ளினார். இடுப்புத் தையலுக்குப் பக்கத்தில் இன்னொரு தையல். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் நான்கு. எல்லாம் கைத்தையல், சதுரக் கட்ட நோட்டில் எழுதின மாதிரி ஒரே அளவு.

"இது யாரு தைச்சது?" என்றேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"நீங்க இளைச்சுக்கிட்டே போனீங்க சார். அவங்களுக்குச் சோறு இறங்கலைன்னு நீங்களும் விட்டுட்டீங்க. 'அவருக்குத் தெரிஞ்சா பயந்துடுவார்க்கா, என்னாலதான் அவர் இளைச்சார்னு நான் வருத்தப்படுவேன்னு நினைச்சுக்குவார்'னு சொல்லி, பிடிக்கிறது எப்படின்னு என்கிட்ட வந்து கத்துக்கிட்டாங்க."

"அளவு? அளவு எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க கட்டிப் பிடிக்கிறப்ப ரெண்டு விரல் விட்டுப் பார்ப்பாங்களாமே."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நான் எப்போதும் உட்காரும் அதே ஸ்டூல்.

"என் சட்டை விஷயம்?"

"முதல் நாளே நீலச் சட்டையைக் கொண்டுவந்து காட்டிட்டாங்க சார். 'பாருங்கக்கா, தையலுக்குத் துணியே விடாம தைச்சிருக்கார் என் காத்துத் தையல்காரர்'னு சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்திடுச்சு. அப்புறம் அந்தத் தண்ணி நிக்கல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்களாம். நிறுத்திட்டா நீங்க சாப்பாட்டுக்கு உட்கார மாட்டீங்களாம்."

பேன்ட்டின் உள்ளே தடவிப் பார்த்தேன். நான்கு முறை பிடித்தும் ஒரு நூல்கூட வெட்டவில்லை. மிச்சத் துணியையெல்லாம் மடித்து மடித்து உள்ளேயே வைத்திருந்தாள்.

"இதை ஏன் வெட்டாம விட்டா?"

"நீங்க திரும்ப உடம்பு தேறுவீங்கல்ல, அப்ப பிரிச்சு விட."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆண்பிள்ளை தையல்கடையில் உட்கார்ந்து அழுவது நன்றாக இருக்காது. கொஞ்சம் அழுதேன்.

"சரிக்கா. இன்னொரு அரை அங்குலம் பிடிச்சுக் குடுங்க. நழுவுது."

அக்கா பேன்ட்டை மடித்துப் பையில் போட்டு என் மடியில் வைத்தார்.

"முடியாது சார். கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் வந்து சொல்லிட்டுப் போனாங்க. 'அவர் வருவார்க்கா, துணி மேல பழி போடுவார். பிடிக்காதீங்க. பிரிச்சு விடுறதுன்னா மட்டும் செய்யுங்க'ன்னு. நான் வாக்குக் குடுத்துட்டேன். போய்ச் சாப்பிடுங்க."

ஒரு கையால் பையையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அடுப்பில் தண்ணீர் வைத்தேன். பழக்கத்தில் மூன்று முட்டை போட்டுவிட்டேன். மூன்றையும் நானே தின்ன வேண்டியதாயிற்று. அதையும் அவள் கணக்கில் சேர்த்துத்தான் இருப்பாள்.