ஒரு விரல் உயரத் தகடு

பேருந்து ஏன் தாமதமாக வருகிறது என்று யாராவது கேட்டால், எங்கள் போக்குவரத்துக் கழகம் மாறாமல் சொல்லிவந்த பதில் ஒன்றுதான்: பேருந்து தாமதமாக வருவதில்லை, பொதுமக்கள்தான் முன்கூட்டியே வந்துவிடுகிறார்கள். பணிமனை அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நான் இந்தப் பதிலை எத்தனையோ பேருக்குத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன். யாரும் மறுத்து எழுதியதில்லை. அவர்களுக்கும் வேலை இருக்கிறது அல்லவா?

மறுத்துப் பேசிய ஒரே ஆள் என் அக்கா. ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் நோயாளிகளுக்குக் காலைச் சாப்பாடு செய்கிறவள் அவள். அவள் போனால்தான் அடுப்பு எரியும். அவளை ஏற்றிச் செல்லும் பேருந்தை ஓட்டுகிறவர் அவள் புருஷன், அதாவது என் மாமா. கட்டின புருஷனே பெண்டாட்டியை நாள்தோறும் தாமதமாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் அந்த வீட்டில் இரவுச் சாப்பாடு எப்படி இருக்கும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

“ஏங்க, கொஞ்சம் அழுத்தி ஓட்டினாத்தான் என்ன?”

“அழுத்தலாம். அப்புறம் நிக்க வேணாமா? பிரேக் கட்டை தேஞ்சு அப்பளமாப் போச்சு. இந்த ஸ்டாப்புல மிதிச்சா அடுத்த ஸ்டாப்புலதான் நிக்குது.”

“இனி ஒரு தடவை லேட்டா வந்தா வேற ஆளைப் போட்டுடுவேன்னு ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் சொல்லிட்டாரு.”

“லேட்டா வந்தாலும் முழுசா வரேன்ல, அதுக்குச் சந்தோஷப்படச் சொல்லு.”

அக்கா குழம்புக் கரண்டியை வைத்த சத்தத்தில் மாமா தட்டோடு திண்ணைக்குப் போய்விட்டார்.

புதிய பிரேக் கட்டை கேட்டு எங்கள் பணிமனை எழுதாமலில்லை. கோரிக்கை தலைமை அலுவலகத்தில் பரிசீலனையில் இருந்தது. கிணற்றில் போட்ட கல் என்று சொல்லலாம்தான். ஆனால் கல் போட்டால் கிணற்றிலிருந்து சத்தமாவது வரும்.

இந்த நிலையில்தான் எங்கள் இயக்குநர் ஒரு கார் பந்தயத்துக்குச் சிறப்பு விருந்தினராகப் போனார். அவருக்குத் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு நானும் போனேன். பந்தயக் காரின் பின்னால் பலகை மாதிரி ஓர் இறக்கை இருந்தது. அந்த இறக்கையின் பின்ஓரத்தில், இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை, ஒரு விரல் உயரத்துக்கு ஒரு தகடு நிமிர்ந்து நின்றது. இயக்குநர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

“என்னப்பா, ஏதோ பேந்துகிட்டு நிக்குதே?”

“இல்ல சார், வேணும்னுதான் வெச்சிருக்கோம்,” என்றார் மெக்கானிக். “விமானத்தோட இறக்கை மேல தூக்கும்ல, அதையே கவுத்துப் போட்டா கீழ அமுக்கும். இது கவுத்துப் போட்ட இறக்கை. ஓரத்துல இந்தத் தகடு நின்னா, காத்து அதுல முட்டி இன்னும் மேல எகிறிப் போகும். அந்த அளவுக்கு வண்டி கீழ அமுங்கும். டயர் ரோட்டை விடாது. வளைவுலயும் வேகமாப் போகலாம்.”

“இந்தத் துண்டுத் தகடா அவ்வளவும் பண்ணுது?”

“ஆமா சார். இதைக் கழட்டிட்டா டிரைவர் அடுத்த சுத்துலயே கண்டுபிடிச்சுடுவார்.”

“அப்போ வளைவுல பிரேக் போடவேண்டியது இல்லையா?”

“முன்ன மாதிரி ரொம்பப் போடவேண்டியது இல்ல சார்.”

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாளே கூட்டம். சிறு முதலீட்டில் பெரும் பாய்ச்சல், நவீனக் காற்றியல் கண்ணோட்டம், பேருந்தின் மறுமலர்ச்சி என்றெல்லாம் பேசிவிட்டு, கழகத்தின் எல்லாப் பேருந்துகளுக்கும் தகடு பொருத்தப்படும் என்று அறிவித்தார். கழகப் பொறியாளர் படித்தவர். விஷயம் தெரிந்தவர். அடுத்த ஆண்டு பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர். மூன்றாவது தகுதியை மனத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

“சார், தகடு தனியா வேலை செய்யாது. அதுக்கு ஒரு இறக்கை வேணும்.”

“வெச்சிடுங்க.”

“இறக்கை வேலை செய்யணும்னா வேகம் வேணும்.”

“எவ்வளவு வேகம்?”

“நம்ம பஸ் இதுவரைக்கும் போகாத வேகம் சார்.”

“போகட்டுமே. யார் தடுக்கிறது?”

“மத்த வண்டிங்க சார். ரோடு முழுக்க நிக்குதே.”

“எடுத்துடுங்க.”

பொறியாளர் உட்கார்ந்துவிட்டார். பிரேக் கட்டைபற்றி அவர் வாய் திறக்கவில்லை.

பந்தய மெக்கானிக் நல்ல மனிதர். இறக்கையின் வரைபடத்தை அன்றே அனுப்பிவைத்தார். எங்கள் கழகத்தில் முத்திரை இல்லாத காகிதம் காகிதமே அல்ல. ஆகவே வரைபடம் முதலில் முத்திரைப் பிரிவுக்குப் போனது. அங்கே இருப்பவர் காகிதத்தைப் பார்க்கும் வழக்கம் இல்லாதவர். எந்தப் பக்கம் காலி இடம் தெரிகிறதோ அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக் குத்துவார். அப்படியே குத்தினார். அதைத் தொடர்ந்து எல்லாப் பிரிவினரும் அவர் முத்திரை எப்படி நின்றதோ அப்படியே வைத்துத் தங்கள் முத்திரையையும் குத்தினார்கள். வரைபடம் பணிமனைக்கு வந்தபோது முத்திரைகள் எல்லாம் நேராக இருந்தன. இறக்கைதான் தலைகீழாக இருந்தது.

ஃபிட்டர் ஒரு கட்டில் அகலத்துக்கு இறக்கை செய்து, மாமாவின் பேருந்துக் கூரையில் பின்பக்கம் ஏற்றினார். இறங்கிவந்து அண்ணாந்து பார்த்தார்.

“சார், தகடு நிமிர்ந்து நிக்கணும்னாங்க. இது கீழ தொங்குதே?”

“படத்துல முத்திரை எப்படி இருக்கு?” என்றார் பொறியாளர்.

“நேரா இருக்கு.”

“அப்போ தகடும் நேராத்தான்யா இருக்கு. போய் வேற வேலை இருந்தாப் பாரு.”

ஏற்கெனவே கவிழ்த்துப் போட்ட இறக்கையை மறுபடியும் கவிழ்த்தால் என்ன ஆகும்? விமானத்தில் இருப்பது மாதிரி ஆகும். அமுக்கவேண்டியது தூக்கும். கூடவே அந்த ஒரு விரல் தகடும் தன்னால் ஆனதைச் செய்து இன்னும் கொஞ்சம் தூக்கும். இது பொறியாளருக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். மூன்றாவது தகுதியை முன்பே சொல்லிவிட்டேன்.

வெள்ளோட்ட நாள் வந்தது. ஊரில் மற்ற பேருந்துகள் எல்லாம் நிறுத்தப்பட்டன. கார்கள், சைக்கிள்கள், தள்ளுவண்டிகள் எல்லாம் சந்துகளுக்குள் துரத்தப்பட்டன. அதிகாரிகள் வருகிறார்களே என்று சாலையைத் தண்ணீர் விட்டு வேறு கழுவிவைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு முந்தைய வளைவில் மேடை. அதுவரை வேகம் குறையக் கூடாது என்று மாமாவுக்கு முத்திரையோடு உத்தரவு. அன்றைக்கு ஓடிய ஒரே பேருந்து மாமாவுடையது என்பதால் அக்காவும் அதில்தான் ஏறியாகவேண்டும். வேலை போய்விடும் என்ற பயத்தில் முதல் ஆளாக ஏறி முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் மேடைக்குப் பின்னால் பாட்டிலோடு நின்றேன். தூரத்தில் பேருந்து தெரிந்தது. அது அந்த வேகத்தில் வந்து நான் பார்த்ததே இல்லை. சந்து வாய்களில் நின்ற ஜனங்கள் கை தட்டினார்கள். உள்ளே அக்கா இருக்கிறாள், பிரேக் இல்லை. இந்த இரண்டையும் மேடையில் யாரிடம் சொல்வது? இயக்குநரின் தண்ணீரை எடுத்து நானே குடித்துவிட்டேன்.

வளைவு வந்தது. மாமா பிரேக்கை மிதித்தார். முன்பக்கம் சாலையில் இருந்தது. பின்பக்கம் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி லேசாக எழும்பி, ஈரத்தில் வழுக்கி, முன்பக்கத்தை முந்தப் பார்த்தது. பேருந்து மேடைக்கு எதிரே ஒரு முழு அரைவட்டம் அடித்து, வந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றது.

மாமா இறங்கி, படிக்கட்டைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அக்கா இறங்கினாள். எங்களைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காலியாகக் கிடந்த சாலையில் ஆஸ்பத்திரியை நோக்கி ஓட்டம் பிடித்தாள். அன்று அடுப்பு நேரத்துக்கு எரிந்தது.

வெள்ளோட்ட அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். ‘மேற்படி பேருந்து ஓட்டுநரின் தலையீடு ஏதுமின்றித் தானாகவே திரும்பி நின்றமையால், கடைசி நிறுத்தங்களில் வண்டியைத் திருப்புவதற்கு இடம் ஒதுக்கவேண்டிய தேவை அறவே நீங்கியுள்ளது. மேலும் மேற்படி பேருந்தில் பயணித்த பெண்மணி ஒருவர் தம் பணியிடத்தைக் குறித்த நேரத்துக்கு முன்பே அடைந்துள்ளார் என்பது மகிழ்ச்சியுடன் தெரிவிக்கப்படுகிறது.’ குறை என்று ஒன்று இருந்தால் அது வளைவினுடையது என்றும் வெள்ளோட்டத்தை ஆராய்ந்த குழு கண்டறிந்தது. ஆகவே இறக்கைப் பேருந்துகள் இனி வளைவில்லாத வழியில் மட்டுமே செல்லும்.

ஆஸ்பத்திரி வளைவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. வளையாமல் நேராகப் போனால் இயக்குநர் பங்களா வரும். அவர் காரில் போகிறவர். இருந்தாலும் பேருந்து வேளை தவறாமல் அங்கே போய் வந்தது.

கூடவே பிரேக் கட்டைக் கோரிக்கைக்கும் ஒருவழியாகப் பதில் வந்துவிட்டது. ‘பேருந்துகள் இனி வளைவில் திரும்பப்போவதில்லை என்பதால், பிரேக்கின் அவசியத்தை விளக்கவும்.’

அதற்குள் ஊரைத் தகடு பிடித்துக்கொண்டது. மோட்டார் சைக்கிள்களில் தகடு. பள்ளிப் பைகளில் தகடு. முடிவெட்டும் கடையில் பிடரியில் ஒரு விரல் முடியை நிமிர்த்திவிட்டு ‘தகடு கட்டிங்’ என்றார்கள். எங்கள் மேலாளர் நாற்காலி முதுகில் ஒன்று வைத்துக்கொண்டு, இப்போதெல்லாம் நாற்காலி ஆடுவதில்லை என்றார். நிமிர்த்துவதா தொங்கவிடுவதா என்று யாரும் கேட்கவில்லை. என் மனைவி பால் பாத்திரத்தின் விளிம்பில் ஒன்றை மாட்டி, இனிமேல் பொங்காது என்றாள். பொங்கியது. அவள் பாலைத்தான் திட்டினாள்.

அக்கா மட்டும் விடியுமுன் எழுந்து நடந்தாள். வேலை போகவில்லை. கால்தான் போயிற்று. ஒரு நாள் மாலை போனபோது வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“உங்க ஆபீஸ்ல சொல்லி அந்த பஸ்ஸை மட்டும் பழையபடி விடச் சொல்லேன்டா. லேட்டா வந்தாலும் பரவாயில்ல. உட்கார்ந்து போகலாம்ல.”

அன்றே தெருத்தெருவாகப் போய் ஆள் சேர்த்தேன். எங்கள் பகுதியே திரண்டு பள்ளிக்கூட மண்டபத்தில் இயக்குநரைச் சந்திக்க ஏற்பாடாயிற்று. அக்கா பேசவேண்டும் என்று நான்தான் எழுப்பிவிட்டேன்.

“ஐயா, எங்களுக்கு ஆஸ்பத்திரி பஸ் வேணும். தகடு, இறக்கை எதுவும் வேணாம். பழைய பஸ்ஸே போதும்.”

இயக்குநர் தாயன்போடு சிரித்தார். “தகடு வேணாம்னு சொல்ற முதல் பகுதி நீங்கதாம்மா. எல்லாரும் போட்டி போட்டுக் கேக்குறாங்க. பக்கத்துப் பகுதிக்கு நேத்துதான் பளபளன்னு புது எஃகுத் தகடு குடுத்தோம்.”

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. பின்வரிசையிலிருந்து தையல்காரர் எழுந்தார்.

“அவங்களுக்கு எஃகா? ஏன், நாங்க மட்டும் இளிச்சவாயங்களா?”

“அதானே!” என்றார் மளிகைக்கடைக்காரர். “அவங்களுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?”

“அண்ணே, நாம பஸ்ஸுக்குத்தான் வந்தோம்,” என்றாள் அக்கா.

“நீ சும்மா இரும்மா. பஸ் வரும், போகும். தகடு நம்ம ஏரியாவுலயே இருக்கும்!”

பலத்த கரவொலி. இயக்குநர் கையமர்த்தினார். “ரெண்டையும் தர முடியாது. பஸ்ஸா, தகடா? நீங்களே முடிவு பண்ணுங்க. இது மக்கள் கழகம்.”

தகடு, தகடு என்று மண்டபம் அதிர்ந்தது. என் பக்கத்தில் நின்று என்னைவிட உரக்கக் கத்தியவர் மாமா. நான் முறைத்தேன். “பிரேக் இல்லாத பஸ்ஸுடா. தகடுன்னா நான் உயிரோட இருப்பேன்,” என்றார். அக்கா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவளும் மனுஷிதானே.

“சரி, குடுக்கிறதுதான் குடுக்குறீங்க, எங்களுக்கும் எஃகுலயே குடுங்க,” என்றாள். “கூட உட்கார ஒரு பெஞ்சும் போடுங்க.”

பெஞ்சு இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று குறித்துக்கொண்டார்கள்.

பேருந்து வராத பகுதியில் தகட்டை எதில் பொருத்துவது என்ற சிக்கல் எழுந்தது. பேருந்து நிறுத்தத்தில் பொருத்தலாம் என்று பொறியாளர் யோசனை சொன்னார். அவருக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. இப்போது எங்கள் நிறுத்தத்தின் கூரையில் ஊரிலேயே பெரிய இறக்கை இருக்கிறது. முத்திரை நேராகத் தெரிகிறபடி, விளிம்பில் எஃகுத் தகடு. விடியற்காலையில் நடந்து போகும்போது அக்கா அதன் அடியில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறாள். பக்கத்துப் பகுதிக்காரர்கள் வந்து பார்த்துப் பொருமிவிட்டுப் போகிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்லியாகவேண்டும். எப்பேர்ப்பட்ட காற்று அடித்தும் எங்கள் நிறுத்தம் இதுவரை வளைவில் வழுக்கியதே இல்லை. தகடு வேலை செய்கிறது.