ஆறு தாள் நீளத்துக்கு ஒரு நேர்கோடு

பயப்படுவதற்குக் காரணம் கிடைக்காத நாளில்தான் எனக்கு அதிகமாகப் பயமாக இருக்கும். எல்லாம் நல்லபடியாக நடந்தால், எனக்குத் தெரியாமல் எங்கேயோ என்னவோ நடக்கிறது என்றுதான் தோன்றும். (இதற்கு மாத்திரை உண்டா என்று டாக்டரிடம் கேட்டேன். எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரை வேறு ஏதாவது செய்துவிடுமோ என்று பயந்து வாங்காமல் வந்துவிட்டேன்.)

ராஜபாளையத்தில் நைட்டி வெட்டும் கட்டிங் மாஸ்டர் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் தீர்ந்துபோனது. துணியை நாலு தரம் அளந்த பிறகுதான் கத்தரியைக் கையில் எடுப்பேன். அப்படிப்பட்டவனின் ஒரே தங்கச்சி ஜெயந்திக்கு, மாலத்தீவு ஓட்டல் ஒன்றில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் மாப்பிள்ளை அமைந்தார். பெயர் சுந்தர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில்.

உள்ளூர் மாப்பிள்ளை என்றால் டீக்கடையில் உட்கார்ந்தே விசாரித்துவிடலாம். குடிப்பாரா, கடன் உண்டா, கை நீட்டுவாரா எல்லாம் ஒரு வடைக்குள் தெரிந்துவிடும். கடலுக்கு நடுவே எந்த டீக்கடையில் போய் உட்கார? மூன்று நாள் யோசித்து, அந்தத் தீவின் பணத்தை விசாரிப்பதென்று முடிவெடுத்தேன். பணம் ஒழுங்காக இருந்தால் சம்பளம் ஒழுங்காக வரும். சம்பளம் ஒழுங்காக வந்தால் தங்கச்சி நன்றாக இருப்பாள். (எட்டாம் வகுப்பு மூளைக்கு இது பெரிய கண்டுபிடிப்பு.)

பணத்தின் பெயர் ருஃபியா. ஒரு டாலருக்கு எத்தனை ருஃபியா என்று போனில் பார்த்தேன். 15.42. மறுநாளும் 15.42. ஒரு வாரம் கழித்தும் அதேதான். போன் கோளாறோ என்று அணைத்துப் போட்டேன். பத்து வருஷக் கிராஃபை விரித்தால், ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரே கோடு. ஆஸ்பத்திரியில் இந்தக் கோடு வந்தால் நர்ஸ் ஓடி வருவார்.

பத்து வருஷமாக ஒரு தப்பும் செய்யாத ஆளை எப்படி நம்புவது? இன்னும் பின்னால் போனேன். மாட்டிக்கொண்டது! 2011-இல் படிக்கட்டு மாதிரி ஒரு ஏற்றம். அதுவரை பன்னிரண்டே முக்கால் சொச்சம் ருஃபியாவுக்குக் கிடைத்த டாலர், திடீரென்று பதினைந்தைத் தாண்டியிருந்தது. ருஃபியாவில் சம்பளம் வாங்கியவனுக்கு ஆறில் ஒரு பங்கு அவுட். மூன்று வாரம் தூக்கமில்லை.

பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று என் மனைவி எச்சரித்தாள். “நீங்க வாயே தொறக்கக் கூடாது. தேதி கேட்டா மண்டைய மட்டும் ஆட்டுங்க.”

மாப்பிள்ளையின் அப்பா, ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டு, பெருந்தன்மையாகச் சொன்னார். “எதும் கேக்கணும்னா இப்பமே கேட்டுருங்க தம்பி. பொறவு மனசுல வச்சுக்கிடக் கூடாது.”

அந்த ஒரு வார்த்தை போதும். அந்தக் கிராஃபைப் பிரிண்ட் எடுத்து ஒட்டி வைத்திருந்த ஆறு தாளையும் துணி விரிப்பது போல நடுக்கூடத்தில் விரித்தேன்.

“என்ன தம்பி, நைட்டி அளவா?”

“இல்ல மாமா, அந்த ஊர்ப் பணம்.”

“ஒத்தைக் கோடுதான கெடக்கு. இதுக்கு எதுக்கு ஆறு தாளு?”

“அதான் மாமா எனக்கும் சந்தேகம். இங்கன பாருங்க, ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. ஒரேயடியா ஆறுல ஒரு பங்கு போயிருக்கு.” மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். “அப்ப என்ன நடந்துச்சு?”

“அப்ப நான் பத்தாங்கிளாஸ் மச்சான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “நாளைக்கு மறுபடியும் நடந்தா எந்தங்கச்சி கதி?” என்றேன்.

ஏட்டு துண்டை உதறி எழுந்தார். “எம்மவன் சம்பாதிக்கிறது செல்லாக்காசுங்கியா? ஸ்டேசன்ல ஊரையே விசாரிச்சவன் நான். என்னைய உக்கார வச்சு நீ விசாரிக்கியா? ஏலே சுந்தரு, எந்திலே. தட்ட எடு!”

“அப்பா, செத்த இருங்க” என்ற மாப்பிள்ளை என்னிடம் மெதுவாகச் சொன்னார். “மச்சான், எனக்குச் சம்பளம் டாலர்ல. அந்த ஊர்ப் பணத்தையே டாலரோட சேத்துத்தான் கட்டிப் போட்டிருக்காவ. அதான் ஆட மாட்டேங்கு.”

மூன்று வாரம், ஆறு தாள். சம்பளம் எந்தப் பணத்தில் என்ற ஒரே கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது!

ஏட்டு அதற்குள் வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டார். அப்போதுதான் உள்ளறையிலிருந்து ஜெயந்தி வந்தாள். பாதிப் பின்னலோடு நின்று கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள்.

“மாமா, இந்தக் கோடு எனக்குப் பிடிச்சிருக்கு. பத்து வருசமா ஆடாம இருக்கே. ஆடுறதுக்கு எங்கண்ணன் ஒரு ஆளு போதாதா?”

முதலில் சிரித்தது ஏட்டுதான். “பூவ எடுங்க” என்றார். போகும்போது ஆறு தாளையும் மடித்து, எவிடென்ஸ் என்று எடுத்துப் போய்விட்டார்.

கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகப் போகிறது. அந்த வீட்டில் யாரிடம் நலம் விசாரித்தாலும் “பதினஞ்சே நாப்பத்திரெண்டு” என்றுதான் பதில் வரும். போன மாதம் ஒருநாள் காலையில் பார்த்தேன், 15.40. உடனே ஜெயந்திக்குப் போன் போட்டேன்.

“வீட்ல எல்லாரும் சொகந்தான? மாப்பிள்ள பேசினாரா?”

“இப்பத்தான் பேசினாவ. ஏண்ணே?”

“ஒண்ணுமில்ல. ரெண்டு பைசா எறங்கியிருக்கு.”

அவள் சிரிப்பதற்குள் பின்னாலிருந்து ஏட்டு மாமா குரல் கேட்டது. “தாயீ, பீரோவுல இருக்க அந்த ஆறு தாள எடு. ஏழாவது தாள் ஒட்டணும்.”