எஸ் போடாத ஒப்பந்தம்

ஒரு மாதச் சண்டைக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலையில் பாதி இனி தன்னுடையது என்று ஜெர்சன் தானாகவே அறிவித்தபோது, ஏஞ்சல் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

அவன் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கிறவன். ஓர் எழுத்து விட்டுப்போனாலும் பிடித்துவிடுவான். ஓர் எழுத்தை எப்படி விட்டுவிடுவது என்பதும் அவனுக்கு அத்துப்படி. இங்கிலீஷிலேயே ஒரு அக்ரிமென்ட் அடித்துக் கொண்டுவந்தான். பிளேட் கழுவுவான், ஷர்ட் மடிப்பான், பிஷ் கிளீன் பண்ணுவான். ஒன்றின் கடைசியிலும் எஸ் கிடையாது. எஸ் இல்லையென்றால் ஒருமை. ஒருமை என்றால் ஒன்றே ஒன்று. பம்மலில் ஒரு மெடிக்கல் லேப்பில் வேலை முடித்துக் களைத்து வந்த ஏஞ்சல், படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். ஜெர்சனுக்கு உள்ளுக்குள் சரவெடி வெடித்தது.

ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்ததும் ஒரு தட்டைக் கழுவினான். ஒரு சட்டையை மடித்தான். மீதி அவளுடையது என்று எஸ் கணக்கை விளக்கினான். அவள் சண்டை போடவில்லை. சரி என்று பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். இவன் சோபாவில் காலை நீட்டி மேட்ச் போட்டான்.

அவள் இரண்டு கிலோ நெத்திலியோடு திரும்பினாள்.

ஜெர்சன் உற்சாகமாக ஒரே ஒரு நெத்திலியை எடுத்தான். தலையைக் கிள்ளி, அலசி வைத்துவிட்டு எழுந்தான்.

"உக்காருங்க," என்றாள். "மீதி யாரு பண்றது?"

"பிஷ்னுதானே எழுதியிருக்கு? எஸ் இல்லையே."

"ஒரு மீனும் பிஷ்தான், ஒரு கூடை மீனும் பிஷ்தான். அதுக்கு எஸ் வேணாம்."

பிஷ்ஷஸ் என்றும் ஒரு வார்த்தை உண்டு என்று அவன் வாதாடினான். அது பல வகை மீன்களைச் சொல்லும்போது வருவது, இது அத்தனையும் நெத்திலி என்று சொல்லி, கையெழுத்துப் போட்ட தாளை அவன் முன்னால் வைத்தாள். மேட்சில் ஒரு இன்னிங்ஸே முடிந்துவிட்டது. நெத்திலி முடியவில்லை.

அன்று சாயங்காலமே அக்ரிமென்டைத் திருத்தினான். பிஷ்ஷுக்கு முன்னால் 'ஒன்' என்று தடித்த எழுத்தில் சேர்த்தான். இனி எந்த இலக்கணமும் உள்ளே நுழைய முடியாது. ஏஞ்சல் அதிலும் உடனே கையெழுத்துப் போட்டாள். அந்த வாரம் முழுக்க ஷேர் ஆட்டோவில்கூட விசிலடித்துக்கொண்டே போனான்.

அடுத்த ஞாயிறு அவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். டிரைவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கமாகப் பிடித்து, ஒரு கட்லா மீனைத் தூக்கிவந்து சமையலறையில் போட்டார்கள். பதினோரு கிலோ. செதில் ஒவ்வொன்றும் பத்து ரூபாய்க் காசு அகலம்.

"ஒண்ணுதாங்க," என்றாள். "மார்க்கெட்ல மீன் விக்கிற அக்கா வெட்டித் தரவான்னு கேட்டாங்க. வீட்ல அதுக்கு ஆள் இருக்குன்னு சொல்லிட்டேன்."